சிவப்புக் காருக்குள் லாரி

நாற்பத்து மூன்றாவது தடவையாக முருகானந்தம் அந்த வட்டப் பொத்தானை அமுக்கினார். கார் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. அதோடு சரி.

"மணியடிக்குதப்பா. பூசை இன்னும் முடியலன்னு நெனச்சுக்கிச்சோ என்னமோ" என்றார் டீக்கடை ராசப்பன். எங்கள் மலையின் வளப்பூர் நாட்டில் யாருக்கு எது கெட்டுப்போனாலும் முதலில் வந்து நிற்கிற ஆள் அவர். அவர் கடையில் டீ ஆறிப்போகும். செய்தி மட்டும் எப்போதும் சூடாக இருக்கும்.

கார் முருகானந்தத்துடையதாக இருந்தால் இவ்வளவு வேர்த்திருக்காது. அது அவருடைய மச்சினன் சந்தோஷ்குமாருடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். யாரோ ஒரு பணக்காரர் ஆசை தீர்ந்து விற்ற அமெரிக்கக் காரைத் தவணைக்கு வாங்கியிருந்தான். ரத்தச் சிவப்பு. மூக்கு நீளம், உட்கார இடம் கொஞ்சம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் உறுமிக்கொண்டே அது ஏறி வந்த அன்று மிரண்டு ஓடிய ஆடுகளில் இரண்டு இன்னும் பட்டிக்குத் திரும்பவில்லை என்று பேச்சு.

ஆயுத பூஜைக்கு அதைக் கருப்பனார் கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். எங்கள் மலையில் ஆயுத பூஜை என்றால் வண்டி வைத்திருக்கிற எல்லாரும் அங்கே வந்துவிட வேண்டும். மழையில் பாதை சேறாகி வண்டி எடுக்க முடியாதவர்கள் சாவியை மட்டுமாவது கொண்டு வருவார்கள். இந்த வருஷம் திண்ணனூர் நாட்டு வாத்தியார் அப்படித்தான் வந்தார். ஒரு வருஷம் சாவியைத் தொலைத்த ஒருவர் ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்து கும்பிட்டார். பூசாரி பொன்னன் சாவிகளை வாங்கி, தட்டோடு சாமி காலடியில் வைத்து, சந்தனத்தை அப்பு அப்பென்று அப்பி, கறுப்புக் கயிறு கட்டிக் கொடுப்பார். அந்தச் சந்தனம் தானாக உதிர்கிறவரை துடைக்கக் கூடாது. துடைத்தவன் வண்டி பள்ளத்தில் கிடக்கும் என்பது நம்பிக்கை. துடைக்காதவன் வண்டியும் கிடந்திருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பூசை நடக்கும்போதே சந்தோஷ்குமாருக்கு ஆபீசிலிருந்து போன். உடனே கிளம்ப வேண்டுமாம். சேக்காளியின் பைக்கில் தொற்றிக்கொண்டு சொன்னான்:

"மாமா, பூசாரிகிட்ட சாவிய வாங்கிக்குங்க. பதினாறாம் நாளு எனக்கு நிச்சயம். அன்னிக்குக் காலைல காரை அடிவாரத்துக்குக் கொண்டாந்துருங்க, நான் பஸ்ல வந்து ஏறிக்கறேன். பொண்ணூட்ல எல்லாரும் இந்தக் காரைப் பாக்கோணும்னு காத்துக்கிட்டிருக்கறாங்க." பைக் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "பாத்து மாமா. இது லாரி இல்லீங்க!"

அந்தக் கடைசி வாக்கியம் முருகானந்தத்தின் நெஞ்சில் முள்ளாக நின்றது. நாமக்கல்லில் பதினெட்டு வருஷம் லாரிப் பட்டறையில் கிடந்து, மலைக்குத் திரும்பி 'முருகானந்தம் டீசல் ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டியவர். மலையில் ஓடுகிற வண்டிகளில் பாதி அவர் கைபட்டு ஓடுகிறது. மீதிப் பாதி அவர் கைபட்டு நிற்கிறது என்பார் ராசப்பன். ஆனால் மனைவி கவிதாவின் சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு வந்தால், "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று யாராவது கேட்பார்கள். "அவரா, லாரிக்காரருங்க" என்று பதில் வரும். பந்தியில் கடைசி இலை வந்து சேரும்.

கவிதா வேறு சொல்லியிருந்தாள். "ஏனுங்க, என் தம்பி காருல ஒரு கீறல் உளுந்துச்சுன்னா, அப்பறம் பட்டறைலயே ஒல வெச்சுக்குங்க."

இப்போது கார் கோயில் வாசலிலேயே படுத்துவிட்டது. சாம்பிராணிப் புகை காட்டத் திறந்த கதவு திறந்தபடியே இருந்ததால் உள்ளே ஏறுவதில் மட்டும் சிரமமில்லை.

பொத்தானை அமுக்கினால் கண்ணாடித் திரையில் இங்கிலீஷில் ஏதோ எழுதிக் காட்டியது. முருகானந்தம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சாவியக் காணமாம்ணா."

"கைல இருக்குதே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவர் சந்தனம் அப்பிய சாவியைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வலமிருந்து இடமாக ஆட்டிக் காட்டினார். சூடம் காட்டுகிற மாதிரி மூன்று சுற்றுச் சுற்றினார். 'டிங்.'

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்கச் சொல்லப்பா காரை" என்றார் ராசப்பன்.

"கம்ப்யூட்டர் மூளை கொழம்பிப் போச்சுண்ணா. சாவியே தெரியலன்னா எஞ்சின் எப்புடித் தெரியும்? பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிப் பாத்துரலாம்."

அவருடைய லாரி வந்தது. முகப்பில் 'கவிதா துணை' என்று எழுதியிருக்கும். ஊரில் எல்லாரும் சாமி பேரை எழுதுவார்கள். அந்த லாரி கவிதாவின் நகையில் வாங்கியது என்பதால் வேறு சாமியை எழுத அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வாழைத்தாரும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிச் சேந்தமங்கலத்துக்கு அனுப்பி, வீட்டில் அடுப்பு எரிய வைப்பது அந்த லாரிதான்.

கயிற்றைக் காரின் முன்பக்கத்தில் கட்டி லாரியை நகர்த்தினார். கயிறு வந்தது. காரின் பம்பரும் வந்தது. கார் வரவில்லை.

சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. டயருக்கு அடியில் வாழை மட்டைகளைப் பரப்பி, வழுக்க விட்டு, முக்கால் பர்லாங்கை மூன்று மணி நேரத்தில் கடந்தார்கள். பம்பரை ராசப்பன் தோளில் சுமந்து முன்னால் நடந்தார். பார்த்தவர்கள் யாருக்கோ கடைசி ஊர்வலம் என்று ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

பட்டறைக்குள் தள்ளித் தார்ப்பாயை இழுத்து மூடும்போது போன் அடித்தது. திண்ணனூர் நாட்டு வாத்தியார் யுவராஜ்.

"ஏனுங்க, என் வண்டி மத்தியானத்துல இருந்து ஸ்டார்ட்டே ஆகலீங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"மழைக்கு அப்புடித்தானுங்க வாத்தியாரே. வெயில்ல நிறுத்துங்க, தானா சரியாப்போயிரும்."

வெயிலில் காயப்போட வண்டி என்ன துணியா என்று கேட்டவர்கள் யோசித்திருப்பார்கள். முருகானந்தத்துக்கு யோசிக்க நேரமில்லை.

பேட்டரிதான் குறை என்று மறுநாள் முடிவு கட்டினார். லாரியின் இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துக் காருக்குக் கொடுத்தார். பன்னிரண்டு தாங்குகிற வண்டிக்கு இருபத்து நாலு வோல்ட். எல்லா விளக்கும் ஒரு தரம் பளீரென்று எரிந்தது. துடைப்பான் தலைகால் தெரியாமல் ஆடியது. பாட்டுப் பெட்டி ஒரு தரம் கத்தியது. பிறகு முன்பலகைக்கு உள்ளேயிருந்து வெண்புகை மெல்ல எழுந்து வந்தது.

இப்போது பொத்தானை அமுக்கினால் 'டிங்' கூட இல்லை.

"முன்னாடியாவது பேசிக்கிட்டிருந்துச்சு" என்றார் ராசப்பன்.

மூன்றாம் நாள் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். மேலே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. அதை எடுத்தால் கல்யாண வீட்டு இடியாப்பம் போல ஒயர்கள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அதைப் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். இரண்டு நாளில் அவிழ்த்தார், இரண்டு நாளில் மாட்டினார். பதினேழு போல்ட் மிச்சம் வந்தது.

"கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டிருக்கறான்" என்றார்.

"அமெரிக்காக்காரன் தாராளம்ப்பா" என்றார் ராசப்பன். கறுப்புத் தட்டு அதற்குள் அவர் கடைக்குப் போய், போண்டா அடுக்க உதவிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் சந்தோஷ்குமார் போன் செய்தான். "மாமா, கார் எப்படியிருக்கு?"

"அருமையா இருக்குது மாப்ள. எஞ்சின் சத்தமே கேக்கல, பாத்துக்க."

அது முழு உண்மை. போனை வைத்ததும் முருகானந்தம் விரல்விட்டு எண்ணினார். நிச்சயத்துக்கு எட்டு நாள். பெண்ணின் அப்பா காளியண்ணன் ஊரையே கூட்டி வைத்திருப்பார். மாப்பிள்ளை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினால், 'ஏன்?' என்று கேட்பார்கள். 'லாரிக்காரர் கைல குடுத்தோமுங்க' என்று கவிதாவின் சனம் மொத்தமும் கோரஸாகச் சொல்லும். அப்புறம் கடைசி இலைகூடக் கிடைக்காது.

அவர் காரைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் நின்ற லாரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராசப்பன் கையிலிருந்த டீ கிளாஸ் அப்படியே நின்றது. "ஏப்பா. வேண்டாம்ப்பா."

"எனக்குத் தெரிஞ்ச எஞ்சின் அது ஒண்ணுதான்ணா. அது எந்த ஊட்ல இருந்தாலும் ஓடும்."

"அது கவிதாப் புள்ள லாரியப்பா!"

"சர்வீஸ்னு சொல்லிக்கறேன்."

பலா மரக் கிளையில் செயின் பிளாக்கை மாட்டி, லாரியின் வயிற்றிலிருந்து அரை டன் எஞ்சினைத் தூக்கினார்கள். கிளை முனகியது. காரின் எஞ்சின் வெளியே வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தது. மறுநாளே ராசப்பனின் கோழி அதன் இடுக்கில் ஒரு முட்டை வைத்தது.

கவிதா அன்று பட்டறைப் பக்கம் வந்து வெளியிலிருந்தே கேட்டாள். "ஏனுங்க, வெசாழக்கெழம லோடுக்கு வண்டி வருமா வராதா?"

"சர்வீஸ்ல இருக்குது சாமி. உள்ளாற வராத, கிரீஸ் கொட்டிக் கெடக்குது."

"எம் மேல இம்புட்டுப் பாசம் எப்ப இருந்துங்க?" என்று சந்தேகத்தோடு போனாள்.

எஞ்சின் இறங்கியது. கார் மூடி இறங்கவில்லை. எஞ்சின் ஒரு முழம் உயரம் கூடுதல். மூடியில் சதுரமாக வெட்டினார். புகைக்குழாய்க்கு வழி இல்லை. அதை மூடியின் மேலே செங்குத்தாக நிறுத்தினார். அரை டன் பாரத்தில் காரின் மூக்கு தரையைத் தொட்டது. முன்பக்கம் லாரியின் பட்டை ஸ்பிரிங்கைப் போட்டார். மூக்கு வானத்தைப் பார்த்தது. ஹெட்லைட் போட்டால் பலா மரத்தின் உச்சிக் கிளை தெரிந்தது. லாரி கியர்பெட்டிக்காகத் தரையை அறுத்ததில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கியர் கம்பி நடு வீட்டுத் தூண் மாதிரி நின்றது. ரேடியேட்டர் உள்ளே அடங்காமல் முன்னால் தொங்கியது. அதை மறைக்கப் பழைய பம்பரைக் கட்டினார். பம்பருக்கு ஒரு வேலை கிடைத்ததில் அவருக்கே சந்தோஷம்.

வாத்தியார் இரண்டாம் தடவை கூப்பிட்டார். "வெயில்லயும் நிறுத்திப் பாத்துட்டேனுங்க. ஒரு எட்டு வந்து..."

"வாத்தியாரே, எனக்குத் தெரிஞ்சு உங்க வண்டிக்கு எஞ்சின் போச்சுங்க. பேசாம எறக்கி வேற போட்டுருங்க. நான் இங்க அதே வேலைலதான் இருக்கறேன்."

"புது வண்டிங்களே?"

"இந்தக் காலத்துப் புது வண்டிய எல்லாம் நம்பவே கூடாதுங்க."

பதினான்காம் நாள் சாயங்காலம் கம்பியைத் திருகி ஸ்டார்ட் செய்தார். பட்டறை ஓடு நான்கு உதிர்ந்தது. கோழி முட்டையை விட்டுவிட்டு ஓடியது. செங்குத்துக் குழாயிலிருந்து ஒரு கரும்புகை கிளம்பி மலை மேகத்தோடு போய்ச் சேர்ந்தது. சிவப்புக் கார் முழங்கால் வலிக்காரர் மாதிரி தடதடவென்று நடுங்கிக்கொண்டு நின்றது.

முருகானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு நாளில் அது போட்ட முதல் எஞ்சின் சத்தம்.

அந்தச் சத்தம் கவிதாவுக்கும் கேட்டது. பதினோரு வருஷம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்ற சத்தம். லாரி வந்துவிட்டதென்று வாழைத்தார் ஏற்ற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவள், தார்ப்பாயை விலக்கினாள். ஒரு பக்கம் வயிறு காலியான 'கவிதா துணை'. இன்னொரு பக்கம் தம்பியின் கார். அதன் வயிற்றுக்குள்ளிருந்து தன் லாரி கத்துகிறது.

ஆள் வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டுக் காணாமல் போனார். ராசப்பன் டீக்கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"கீறல் உளுவக் கூடாதுன்னு சொன்னேனுங்களே" என்றாள் கவிதா. குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கீறல் இல்ல சாமி. ஓட்டைதான்."

நடந்ததை எல்லாம் சொன்னார். சாவியைக் காட்டினார். கவிதா காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். இரண்டாம் தடவை நடந்தாள். உட்கார்ந்துவிடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்த மூக்கைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"பின்னால பாரம் போட்டா எறங்குமா?"

"எறங்கும்."

"அப்ப சீர் வாழைத்தாரு, கெழங்கு மூட்டை எல்லாத்தையும் டிக்கில ஏத்துங்க. லாரியுமில்லாம காருமில்லாம நாளான்னிக்கு நான் தலைல சொமந்துக்கிட்டா போவேன்? என் தம்பி நிச்சயம் நடக்கோணும். உங்கள அப்பறம் வெச்சுக்கறேன்."

நிச்சயத்தன்று விடிந்ததும் இறங்கினார்கள். எழுபது வளைவுக்கு எழுபது தடவை ஏர் ஹாரன். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போய்த் திருப்ப வேண்டியிருந்தது. நாற்பதாவது வளைவில் ஒரு டவுன் பஸ் அவர்களை முந்திப் போனது. உள்ளே இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அடிவாரத்தில் பட்டுவேட்டி, பட்டுச் சட்டையில் சந்தோஷ்குமார் நின்றிருந்தான். சிவப்புக் கார் பக்கத்தில் வந்து நின்றதும் வேறெங்கோ பார்த்தபடி அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, வந்துட்டீங்களா? கார் எங்க மாமா?"

"நீ கை வெச்சிருக்கறதுதான் மாப்ள."

சந்தோஷ்குமார் பார்த்தான். குழாயைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், கியர் கம்பியைப் பார்த்தான். கவிதா இறங்கி அவன் தோளைப் பிடித்து உள்ளே அழுத்தினாள். "நல்ல நேரம் போவுது கண்ணு. அழுவறதுன்னா நிச்சயம் முடிஞ்சு அழுவு."

சேந்தமங்கலத்தில் பெண் வீட்டு வாசலில் ஒரு நூறு பேர். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் சத்தத்துக்கு இரண்டடி பின்வாங்கினார்கள். புகை அடங்கியபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்ணின் அப்பா காளியண்ணன் வந்தார். முப்பது வருஷம் லாரி வைத்து ஓட்டியவர். நேராக மூடியின் மேல் காதை வைத்தார்.

முருகானந்தம் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தார்.

"இது... நம்ம ஆறு சிலிண்டரு எஞ்சினுங்களே!" என்றார் காளியண்ணன். "இந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டு வருசமாச்சு. ஏனுங்க, யாருங்க இதைச் செஞ்சது?"

சந்தோஷ்குமார் மெதுவாக விரலை நீட்டினான்.

"உங்ககிட்ட இப்பச் சொல்றேன். பெங்களூருப் பையன், சிவப்புக் காருன்னதும் எனக்கு மனசே இல்லீங்க. பொண்ணு மேகலா புடிச்ச புடிவாதத்துக்குத்தான் சரின்னேன். லாரிக்காரன் கைவேலைய மதிச்சு, தன் காருக்குள்ளயே வெச்சிருக்கற மாப்பிள்ளைன்னு இப்பத்தானுங்க தெரியுது!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு முருகானந்தத்துக்கு முதல் பந்தியில் முதல் இலை. காளியண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறச் சொன்னார். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, "எப்புடிங்க கண்டுபுடிச்சீங்க, அந்தக் காரோட எஞ்சின் தேறாதுன்னு?" என்று கேட்டார்கள்.

"கை வெச்சாலே தெரிஞ்சுருமுங்க" என்றார் முருகானந்தம், வடையைக் கடித்துக்கொண்டு. "பதினெட்டு வருச அனுபவமுங்க."

சந்தோஷ்குமார்கூட வந்து, "மாமா, நான் உங்கள என்னமோன்னு நெனச்சுட்டேன். எஞ்சினே போன காரை நிச்சயத்துக்கு ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களே" என்றான். கவிதா சாம்பாரை அவர் இலையில் தானே ஊற்றினாள். இரண்டு கரண்டி.

பாயசம் வருகிற நேரத்தில் வாசலில் சின்னதாக ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஒரு சத்தமும் இல்லை. திண்ணனூர் நாட்டு வாத்தியார் யுவராஜ் இறங்கி, பந்தியைத் தேடி, நேராக முருகானந்தத்தின் இலைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கையில் கறுப்புக் கயிறு கட்டிய சாவி ஒன்று, பளபளவென்று துடைத்த சாவி, வெயிலில் மின்னியது. சந்தோஷ்குமார் அதைப் பார்த்ததும் கழுத்தை நீட்டினான்.

"சேலத்துல இருந்து கம்பெனி ஆளு மாத்துச் சாவியோட வந்து, சாமி சந்தனத்தைத் தொடச்சிப் பாத்துட்டுச் சிரிச்சானுங்க, பூசைத் தட்டுல உங்க மச்சினன் சாவி என்கிட்டயும் என்னுது உங்ககிட்டயும் மாறிப்போச்சாம், நல்ல வேளைங்க, உங்க பேச்சைக் கேட்டு நான் எஞ்சின்ல கை வெக்கல."